கத்திரி வெயிலில் 'நல்ல பூச்சி'கள் தாக்குப்பிடிக்குமா? தாம்பரம் தென்னை முதல் மணிமங்கலம் வயல் வரை... முழு விளக்கம்

தென்னை மரத்துக்கு அடியில் பைக்கை நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் சீட்டில் கை வைத்தால் பிசுபிசுவென ஒட்டுகிறதா? தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மேலே ஓலையின் அடிப்பக்கத்தில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் வெள்ளை ஈக்கள் வெளியேற்றும் இனிப்பு நீர்தான் அது.

இதற்கு வேளாண் அறிவியலாளர்கள் சொல்லும் யோசனை, "மருந்து அடிக்காதீங்க, வெள்ளை ஈயை அழிக்கும் நல்ல பூச்சிகளைக் காப்பாத்துங்க" என்பதுதான். நெல், கரும்பு விவசாயிகளுக்கும் இதே யோசனை, ஒட்டுண்ணி அட்டை வடிவில் சொல்லப்படுகிறது.

ஆனால், கோடை வந்ததும் வேறொரு பேச்சு கிளம்பும். "அட்டை கட்டினோம், ஒரு பலனும் இல்லை. கடைசியில மருந்துதான் அடிக்க வேண்டியதாப் போச்சு." உண்மையில் அந்தப் பூச்சிகளுக்கு என்ன ஆனது? பல நேரங்களில் பதில் எளிது: அவை வெயிலில் செத்துப்போயிருக்கும், இல்லையென்றால் இனப்பெருக்கம் செய்ய முடியாமல் போயிருக்கும். எப்படி, ஏன், என்ன செய்யலாம்? பார்க்கலாம்.

சுருக்கமாக 4 விஷயங்கள்

• நன்மை செய்யும் பூச்சிகள் பெரும்பாலும், தாங்கள் அழிக்கும் பூச்சிகளைவிட வெயிலைக் குறைவாகவே தாங்கும்.
• கடும் வெப்பம் அவற்றைக் கொல்லாவிட்டாலும் மலடாக்கும்.
• எந்தப் பூச்சியை விடுகிறோம் என்பது போலவே, எந்த நேரத்தில் விடுகிறோம் என்பதும் முக்கியம்.
• நிழலும் பூவும் இருந்தால், மருந்தும் விலகி நின்றால், கோடையிலும் அவை பிழைக்க வாய்ப்பு அதிகம்.

'நல்ல பூச்சி' என்றால் என்ன?

பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்று அழிக்கும் பூச்சிதான் நல்ல பூச்சி. இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, இரை விழுங்கிகள். பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, தட்டான் எல்லாம் இந்த ரகம். நேரடியாகப் பிடித்துச் சாப்பிட்டுவிடும்.

இரண்டாவது வகை, ஒட்டுண்ணிகள். இவை பெரும்பாலும் மிகச் சிறிய குளவிகள். குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். நெல்லிலும் கரும்பிலும் அதிகம் பயன்படும் டிரைக்கோகிரம்மா குளவியின் நீளம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். குண்டூசித் தலையைவிடச் சிறியது. மனிதனைக் கொட்டாது.

இந்தக் குளவி, தீமை செய்யும் அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். உள்ளே குளவிக் குஞ்சு வளரும். அந்த முட்டையிலிருந்து புழு வராது, குளவிதான் வரும். பயிரைக் கடிக்கப் புழுவே இருக்காது.

இதைத்தான் அட்டையாகத் தருகிறார்கள். ஆய்வகத்தில் கம்புக் குருணையில் நெல் அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் குளவியை முட்டையிட விடுவார்கள். மூன்று, நான்கு நாளில் அட்டையில் இருக்கும் முட்டைகள் கறுப்பாகும். ஏழு, எட்டு நாளில் குளவிகள் வெளியே வரும். ஒரு சிசி அட்டை என்றால் ஏறத்தாழ 20 ஆயிரம் முட்டைகள்.

தமிழ்நாட்டில் இது பலன் கொடுத்திருக்கிறதா?

கொடுத்திருக்கிறது. நல்ல உதாரணம், பப்பாளி மாவுப்பூச்சி.

2008-இல் கோவையில் முதன்முதலில் தென்பட்ட இந்தப் பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளைப் பஞ்சு போல மூடிக்கொள்வதால் மருந்து அடித்தும் பெரிய பலன் இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பூச்சி என்பதால், இங்கே அதற்கு இயற்கை எதிரிகளும் இல்லை.

2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டன. அக்டோபர் மாதம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வயல்வெளியில் விடும் பணி தொடங்கியது. அதில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி வேகமாகப் பரவி, மாவுப்பூச்சியை அடக்கிவிட்டது.

அடுத்து மரவள்ளி மாவுப்பூச்சி. 2020-இல் கேரளாவின் திருச்சூரில் கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளியைப் பதம் பார்த்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற குளவி வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

இரண்டு குளவிகளும் வெப்ப நாடுகளிலிருந்து வந்தவை என்பதைக் கவனியுங்கள். வெளிநாட்டிலிருந்து இயற்கை எதிரியைக் கொண்டுவரும்போது, அது பிறந்த ஊரின் காலநிலை இந்த ஊரோடு ஒத்துப்போகுமா என்று முதலில் பார்ப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியப் பொறிவண்டு ஓர் உதாரணம். 1898-இல் காபியைத் தாக்கும் செதில் பூச்சிக்காக இந்தியாவுக்கு வந்த வண்டு இது. இன்றும் கொய்யா, திராட்சை மாவுப்பூச்சிக்கு மரத்துக்கு 10 வண்டு என்ற கணக்கில் விடச் சொல்வார்கள். ஆனால், இது மிதமான தட்பவெப்பத்தில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். சுமார் 33 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரையைத் தேடும் திறன் குலைந்துவிடும். மே மாத மதியத்தில் தாம்பரத்தில் 33 டிகிரி எங்கே இருக்கிறது?

வெயில் பூச்சியின் உடம்பில் என்ன செய்கிறது?

நமக்கு வெயிலில் வியர்க்கும், உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். பூச்சிக்கு அந்த வசதி மிகக் குறைவு. வெளியே என்ன வெப்பமோ, ஏறத்தாழ அதுதான் அதன் உடல் வெப்பம். அதிலும் அரை மில்லிமீட்டர் குளவி என்றால், வெயில் பட்ட இலையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே சூடாகிவிடும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பிரச்சினைகள் தொடங்கும்.

1. ஆயுள் குறையும்

டிரைக்கோகிரம்மா ஆய்வகங்களில் பொதுவாக 26 டிகிரி அளவில் வளர்க்கப்படுகிறது. அந்தச் சூழலில், தேன் கிடைத்தால் சில நாட்கள் உயிரோடு இருக்கும். 35 டிகிரிக்கு மேல் போகப் போக ஆயுள் சுருங்கும். அட்டையிலிருந்து வெளியே வரும் குளவிகளின் எண்ணிக்கையும் குறையும். ஏசி அறையில் வளர்ந்த பூச்சியைக் கொண்டுபோய் 40 டிகிரியில் விட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தப் பெண் குளவி தன் முட்டைகளில் பெரும்பகுதியை வெளியே வந்த முதல் நாளிலேயே இட்டுவிடும். அந்த முதல் நாள் மதியம் வெயிலில் வீணாய்ப் போனால், அட்டைக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி போச்சு என்று அர்த்தம்.

2. ஆண் பூச்சி மலடாகும்

பூச்சியைக் கொல்லத் தேவைப்படும் வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பமே விந்தணுவைக் கெடுக்கப் போதும். நம் வீட்டு மாவு டப்பாவில் வருமே, சிவப்பு மாவு வண்டு, அதை வைத்து இங்கிலாந்து அறிவியலாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்து நாள் வெப்ப அலையைச் செயற்கையாகக் கொடுத்தபோது, ஆண் வண்டுகளால் பெற முடிந்த குஞ்சுகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. இரண்டாவது முறை கொடுத்தபோது ஏறக்குறைய மலடாகிவிட்டன.

3. பெண் குளவி பிறக்காது

ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு இதுதான் பெரிய அடி. தேனீயைப் போலவே குளவி இனத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. விந்தணு சேர்ந்த முட்டை பெண்ணாகும், சேராத முட்டை ஆணாகும். ஆண் மலடானாலும் பெண் குளவி முட்டையிடுவதை நிறுத்தாது. ஆனால், பிறப்பதெல்லாம் ஆண்தான்.

அதனால் என்ன என்கிறீர்களா? தீமை செய்யும் பூச்சியைத் தேடிப்போய் முட்டையிட்டு அழிப்பது பெண் குளவி மட்டும்தான். வயலில் குளவி பறக்கும், பார்க்க எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் அடுத்த தலைமுறையில் வேலை செய்ய ஆளே இருக்காது.

4. புழு பிழைக்கும், குளவி சாகும்

சில குளவிகள் புழுவின் உடலுக்குள்ளேயே வளரும். அமெரிக்காவில் புகையிலைப் புழுவையும், அதற்குள் வளரும் கோட்டீசியா குளவியையும் வைத்துச் செய்த ஆய்வுகளில், வெப்பம் ஏறியபோது உள்ளே இருந்த குளவிகள் இறந்தன, புழு உயிரோடு இருந்தது. இருவரும் ஒரே உடலில், ஒரே வெப்பத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் தாங்கும் எல்லை வேறு.

5. தேடும் திறன் போகும்

கடும் வெயிலில் பூச்சி நிழலைத் தேடி ஒதுங்கும். பறப்பது, நடப்பது, முட்டையைத் தேடுவது எல்லாம் குறையும். உயிர் இருந்தும் வேலை நடக்காது.

கெட்ட பூச்சிக்கு மட்டும் வெயில் அடிக்காதா?

நியாயமான கேள்வி. அதற்கும் வெயில் அடிக்கத்தான் செய்யும். ஆனால் மூன்று சாதகங்கள் அதற்கு உண்டு.

ஒன்று, இடம். தண்டு துளைக்கும் புழு தண்டுக்குள் இருக்கிறது. இலை சுருட்டுப் புழு இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறது. வெள்ளை ஈ ஓலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. எல்லாருக்கும் நிழல் உண்டு. இரையைத் தேடி அலையும் குளவிதான் வெட்டவெளிக்கு வர வேண்டும்.

இரண்டு, சாப்பாடும் தண்ணீரும். மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் செடியின் சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் உடல் வறண்டு போவதில்லை. வளர்ந்த குளவிக்குப் பூவின் தேனோ பனித்துளியோ கிடைத்தால்தான் உண்டு.

மூன்று, சங்கிலி. தீமை செய்யும் பூச்சிக்குச் செடி இருந்தால் போதும். நல்ல பூச்சிக்குச் செடியும் வேண்டும், அந்தச் செடியில் சரியான பருவத்தில் இரையும் வேண்டும். வெப்பத்தால் பூச்சியின் வளர்ச்சி வேகமாகி, முட்டைப் பருவம் சீக்கிரம் முடிந்துவிட்டால், குளவி வந்து சேரும்போது முட்டை இருக்காது, புழுதான் இருக்கும்.

அதோடு வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, சிலந்திப்பேன் போன்றவை வறண்ட வெயில் காலத்தில்தான் பெருகும். நல்ல மழை பெய்தால் அடித்துக்கொண்டு போகும். அதனால், நல்ல பூச்சி மிகவும் தேவைப்படும் மாதங்களும் அது மிகவும் திணறும் மாதங்களும் ஒன்றாகவே வந்து அமைகின்றன.

தென்சென்னைப் புறநகரில் என்ன கூடுதல் சிக்கல்?

• கடல் காற்று தாமதம்: கோடையில் சென்னையைக் காப்பாற்றுவது மதியத்துக்கு மேல் வரும் கடல் காற்று. அது திருவான்மியூர், பாலவாக்கத்தைத் தொட்ட பிறகுதான் மீனம்பாக்கம், தாம்பரம், வண்டலூர் பக்கம் வரும். மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும் நாட்களில் கடல் காற்று உள்ளே நுழையவே நேரமாகும். அந்த இடைவெளியில்தான் வெப்பம் 40-ஐத் தாண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது நினைவிருக்கலாம்.

• கான்கிரீட்: தோப்பும் வயலும் இருந்த இடங்களில் இப்போது அபார்ட்மென்ட்கள். மிச்சம் இருப்பது வீட்டுக்கு ஒன்றிரண்டு தென்னை, மொட்டை மாடித் தோட்டம். பகலில் சூடான சுவரும் தரையும் இரவு முழுக்க அனல் விடும். பகல் வெயிலில் வாடிய பூச்சிக்கு இரவுக் குளிர்ச்சிதான் ஓய்வு. இரவிலும் 28, 29 டிகிரி என்றால் அந்த ஓய்வும் இல்லை.

• சொர்ணவாரிப் பட்டம்: காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் பயிரிடப்படும் நெல் பட்டம் இது. சித்திரையில் தொடங்கும். நெல்லுக்கு நட்ட 30, 37-ஆவது நாட்களில் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் அட்டையும், 37, 44, 51-ஆவது நாட்களில் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் அட்டையும் கட்டச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். முதலாவது குருத்துப் பூச்சிக்கு, இரண்டாவது இலை சுருட்டுப் புழுவுக்கு. மே மாதத் தொடக்கத்தில் நட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30-ஆவது நாள் ஜூன் தொடக்கத்தில் வரும். கத்திரி மே 28 அன்று முடிந்துவிட்டது என்று காலண்டர் சொல்லும். ஆனால் மணிமங்கலம், படப்பை பக்கம் வயலில் நிற்பவர்களுக்குத் தெரியும், ஜூன் வெயிலும் லேசுப்பட்டதல்ல.

ஒட்டுண்ணி அட்டை வாங்குகிறீர்களா? இதைக் கவனியுங்கள்

நெல்லுக்கு ஒரு முறைக்கு ஏக்கருக்கு 2 சிசி, கரும்பு இடைக்கணுப் புழுவுக்கு ஏக்கருக்கு 1 சிசி என்பது பொதுவான அளவு. கரும்பில் நான்காவது மாதம் தொடங்கி 15 நாளைக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு முறை கட்ட வேண்டும்.

வாங்கும்போது

• அட்டையில் குளவி வெளிவரும் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் வாங்க வேண்டாம்.
• முட்டைகள் ஒரே சீராகக் கறுப்பாக இருக்க வேண்டும்.
• வயலில் மருந்து அடித்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். கட்டிய பிறகும் ஒரு வாரம் அடிக்கக் கூடாது.

கொண்டுவரும்போது

• பைக்கின் டேங்க் கவரிலோ, டிக்கியிலோ, வெயிலில் நிறுத்திய காரிலோ வைக்காதீர்கள். மூடிய காருக்குள் வெப்பம் வெளியில் இருப்பதைவிடப் பல டிகிரி அதிகம். ஒரு மணி நேரம் டீக்கடையில் நின்றால்கூட அட்டை வீணாகலாம்.
• காலையிலேயே வாங்கிவிடுங்கள். ஈரத் துணி சுற்றிய டிபன் டப்பா, தெர்மாகோல் பெட்டி போதும். ஆனால், அட்டை நேரடியாக ஈரமாகக் கூடாது.
• அன்றே கட்ட முடியாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓரிரு நாள் வைக்கலாம். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

கட்டும்போது

• நேரம்: மாலை 5 மணிக்கு மேல், முடியாவிட்டால் காலை 8 மணிக்குள். மாலையில் கட்டுவது கோடையில் இன்னும் நல்லது. டிரைக்கோகிரம்மா பெரும்பாலும் அதிகாலையில்தான் முட்டையை விட்டு வெளியே வரும். அப்போது கிடைக்கும் இரண்டு, மூன்று மணி நேரக் குளிர்ச்சிதான் அதன் வேலை நேரம்.
• இடம்: அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, வயல் முழுக்கப் பரவலாக, இலையின் அடிப்பக்கத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்து மாட்டுங்கள். வெயில் நேராக அட்டையில் படக் கூடாது.
• எறும்பு: எறும்பு அட்டையில் இருக்கும் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் கட்ட வேண்டாம்.
• தண்ணீர்: வயலில் ஈரம் இருக்கும் நாளாகப் பாருங்கள். தண்ணீர் நிற்கும் நெல் வயலில், பயிருக்கு இடையே வெப்பம் வெளியைவிடக் குறைவாக இருக்கும்.

வெயில் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் ஒரே தவணையில் எல்லா அட்டையையும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஒரு தவணை வெயிலில் போனாலும் அடுத்தது பிடிக்கும் என்பதால்தான் பல முறை கட்டச் சொல்கிறார்கள்.

வீட்டுத் தென்னையில் வெள்ளை ஈ: கோடையில் என்ன செய்யலாம்?

சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் தென்பட்டது 2016-இல், பொள்ளாச்சியில். இதன் இயற்கை எதிரி என்கார்சியா குவாடலூபே என்ற சிறு குளவி. இதை யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வெள்ளை ஈ பரவிய இடங்களிலெல்லாம் இதுவும் தானாகப் பின்தொடர்ந்து வந்துவிட்டது. உங்கள் மரத்திலேயே இருக்கலாம்.

இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? விழுந்த ஓலையின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியிலோ, செல்போன் கேமராவில் ஜூம் செய்தோ பாருங்கள். வெள்ளை ஈயின் கூட்டில் ஊசியால் குத்தியது போல வட்டமான ஓட்டை இருந்தால், அதிலிருந்து வந்தது குளவி. கூடு பிளந்தது போல இருந்தால், வந்தது வெள்ளை ஈ. வட்ட ஓட்டைகள் நிறைய இருந்தால் நல்ல செய்தி.

• மருந்து அடிக்காதீர்கள். வெள்ளை ஈயால் தென்னை மரம் பொதுவாகச் செத்துப்போவதில்லை. ரசாயன மருந்து அடித்தால் முதலில் போவது என்கார்சியாதான். கோடையில் ஏற்கெனவே குறைந்திருக்கும் குளவி, மருந்தையும் சேர்த்துத் தாங்காது.
• ஓலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். காலை அல்லது மாலையில். வெள்ளை ஈ குறையும், ஓலையும் குளிரும்.
• கரும்பூசணம் படிந்த ஓலைகளுக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் மைதா கலந்து காய்ச்சிய கஞ்சியை ஆறவைத்துத் தெளிக்கலாம். காய்ந்ததும் கறுப்பு உரிந்து விழும்.
• மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம்.
• வட்ட ஓட்டையுள்ள, குளவி இருக்கும் ஓலைத் துண்டுகளை, குளவி இல்லாத மரத்தில் மாட்டிவிடலாம். அட்டைக்குச் சொன்ன அதே விதிதான்: மாலையில், நிழலில்.
• விழுந்த ஓலையை உடனே எரிக்காதீர்கள். அதில் வெளியே வராத குளவிகள் இருக்கலாம்.

மொட்டை மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு

மாடித் தளம் நண்பகலில் காற்றைவிட மிகவும் சூடாக இருக்கும். அங்கே பொறிவண்டு நிலைக்க வேண்டுமென்றால், 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள். தொட்டிகளைத் தனித்தனியாக வைக்காமல் நெருக்கி வையுங்கள். செண்டுமல்லி, துளசி, தட்டைப்பயறு, பூவிட்ட கொத்தமல்லி என்று ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கட்டும். குளவிகளுக்கு அதுதான் சாப்பாடு. மாவுப்பூச்சியைச் சுற்றி எறும்பு ஊர்ந்தால் முதலில் எறும்பைத் தடுங்கள். இனிப்பு நீருக்காக மாவுப்பூச்சியைக் காவல் காப்பதும், பொறிவண்டை விரட்டுவதும் எறும்புதான். வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தால் மாலையில், பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

டெங்குவைக் கட்டுப்படுத்தும் கொசுவுக்கும் இதே பிரச்சினையா?

ஆமாம். டெங்கு பயம் உள்ள ஊர் என்பதால் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

வோல்பாக்கியா என்பது பல பூச்சிகளின் உடலில் இயற்கையாக வாழும் பாக்டீரியா. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் இது இயற்கையாக இருப்பதில்லை. அதைச் செலுத்தி வளர்த்தால், கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது குறைகிறது. அந்தக் கொசுக்களை ஊருக்குள் விட்டு, நோயைப் பரப்பும் கொசுக்களின் இடத்தை அவற்றால் நிரப்புவதுதான் திட்டம். புதுச்சேரியில் உள்ள ஐசிஎம்ஆர் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், இப்படிப்பட்ட இரண்டு வகைக் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-இல் அறிவித்தது.

இரண்டு வகையிலும் உள்ள பாக்டீரியா வேறு வேறு. ஒன்று டபிள்யூ-மெல், மற்றொன்று டபிள்யூ-ஆல்ப்-பி. வித்தியாசம் வெயிலில் தெரியும். கொசுப்புழு வளரும் தண்ணீர் பகலில் 37 டிகிரி வரை சூடானால், டபிள்யூ-மெல் பாக்டீரியாவின் அளவு கொசுவின் உடலில் வெகுவாகக் குறைகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. டபிள்யூ-ஆல்ப்-பி இதைவிட நன்றாகத் தாங்குகிறது. அதனால்தான் மலேசியாவின் கோலாலம்பூரில் இந்த இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரில் 2018 நவம்பரில் வெப்ப அலை வந்தபோது, டபிள்யூ-மெல் உள்ள கொசுக்களின் விகிதம் கொஞ்சம் குறைந்தது. சில மாதங்களில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஒரு வெப்ப அலை வந்ததும் எல்லாம் முடிந்துவிடாது என்பது இதில் ஆறுதல். ஆனால் மொட்டை மாடியில் கிடக்கும் டயரிலும் பிளாஸ்டிக் வாளியிலும் தண்ணீர் எவ்வளவு சூடாகும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் எங்கள் ஊருக்கும் இதைக் கொண்டுவாருங்கள் என்று சொல்ல முடியாது.

வெயிலைத் தாங்கும் குளவி கிடையாதா?

உருவாக்க முடியும். பெங்களூருவில் உள்ள ஐசிஏஆர் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனத்தின் அறிவியலாளர்கள், அதிக வெப்பத்தையும் சில பூச்சிமருந்துகளையும் சேர்த்துத் தாங்கும் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் வகையை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். முறை எளிமையானதுதான். ஒவ்வொரு தலைமுறையையும் அதிக வெப்பத்தில் வளர்ப்பது, பிழைத்தவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக்குவது. நல்ல விதை பொறுக்குவது போலத்தான்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடையில் அட்டை கட்டாமலே இருந்துவிடலாமா?
கூடாது. குருத்துப் பூச்சியின் முட்டை இருக்கும் நேரத்தில்தான் அட்டை பயன்படும். நாளைத் தள்ளிப்போட்டால் முட்டை புழுவாகிவிடும். நாளை மாற்றாமல், நேரத்தை மாற்றுங்கள்.

நாலு நாளாகியும் பூச்சி சாகவில்லையே, அட்டை தோல்வியா?
இது மருந்து போல உடனே கொல்லாது. டிரைக்கோகிரம்மா முட்டையை மட்டுமே அழிக்கும். ஏற்கெனவே இருக்கும் புழு அப்படியேதான் இருக்கும். வயலில் முட்டைக் குவியல்களைப் பாருங்கள். கறுப்பாகியிருந்தால் குளவி வேலை செய்திருக்கிறது.

எல்லா நல்ல பூச்சியும் வெயிலில் சாகுமா?
இல்லை. வெப்பப் பகுதியிலேயே பழகிய இனங்கள் அதிகம் தாங்கும். மெதுவாக ஏறும் வெப்பத்துக்குப் பூச்சிகள் ஓரளவு பழகிக்கொள்ளும். திடீரென்று ஏறும் வெப்ப அலைதான் ஆபத்து.

அட்டை எங்கே கிடைக்கும்?
வேளாண்மைத் துறையின் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்கள், வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையங்கள் ஆகியவற்றில் விசாரிக்கலாம். தென்சென்னைப் புறநகர்வாசிகளுக்கு அருகில் இருப்பது, காட்டாங்கொளத்தூர் பகுதியில் உள்ள காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம். உழவன் செயலியிலும், கிசான் கால் சென்டர் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

கடைசியாக ஒன்று

கோடையில் நல்ல பூச்சி தோற்பது போலத் தெரியும் அந்த இரண்டு, மூன்று வாரங்கள்தான் முக்கியம். பொறுமை போய் மருந்து தெளித்தால், வெயிலில் தப்பிப் பிழைத்த கொஞ்சநஞ்சக் குளவியும் போய்விடும். அடுத்து வெள்ளை ஈ பெருகும்போது தடுக்க ஆள் இருக்காது, மறுபடியும் மருந்து, மறுபடியும் செலவு. மாறாக, மாலையில் அட்டை, மரத்துக்குத் தண்ணீர், மாடியில் நிழல் வலை என்று அந்த வாரங்களைக் கடத்திவிட்டால், ஆடி, ஆவணி மழையில் வெள்ளை ஈ குறையும்போது பிழைத்திருக்கும் குளவிகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.